வடக்கு குறிக்காத தாள்கள்

ட்ரெனோவா
மே 3

மரியாதைக்குரிய ஹசிப் மாமாவுக்கு,

யாசென்கோ எழுதுவது.

ஏப்ரல் 14, சனிக்கிழமை, காலை 10 மணி 42 நிமிடத்துக்கு எனக்குச் செய்தி வந்தது. போனில் நேரம் பதிவாகியிருக்கிறது. பேசியது ஐம்பத்தோரு விநாடி. அலுவலகத்தில் ஒரு படத்தை அச்செடுத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டது ஸுல்ஃபோ, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், ஆறு பசு வைத்திருப்பவர், அடக்கத்தன்று உங்கள் கையில் காபியைக் கொடுத்தாரே, அவர்தான். "யாசென்கோ, உடனே வா. நிழல் பக்கத்துல வெடிச்சிருக்கு. அல்மாசா கூடைய எடுத்துக்கிட்டு அங்கதான்டா போனா" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நிழல் பக்கமா? அது வெள்ளையாச்சே" என்றேன். என் மனைவி செத்த செய்திக்கு என் வாயில் முதலில் வந்தது ஒரு நிறத்தின் பெயர். ஸுல்ஃபோ "நீ வா" என்றார். அத்தோடு ஐம்பத்தோரு விநாடி முடிந்தது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, அறிக்கை எழுதித்தான் பழக்கம். இதுவும் அறிக்கை மாதிரி இருந்தால் மன்னிக்கவும். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் லின்ஸில் நீங்கள் வேலை பார்க்கும் மரப்பட்டறைக்கு அனுப்புகிறேன். ஷெஃபிகா அத்தை பிரித்துவிடக் கூடாது என்பதற்காக. காரணம் படிக்கப் படிக்கப் புரியும். உங்களுக்கு உறையைப் பார்த்தபோதே புரிந்திருக்கும் என்றும் நினைக்கிறேன்.

முதலில் இங்கத்திய செய்தி. அல்மாசாவின் தலைமாட்டில் இப்போதைக்குப் பச்சைப் பலகைதான் நட்டிருக்கிறது. மண் இறங்கி உட்கார ஒரு வருஷம் ஆகும், அப்புறம்தான் கல். ஏழாம் நாள் பெண்கள் வந்து ஓதிவிட்டுப் போனார்கள். அன்று கிண்டிய அல்வா வாசனை இன்னும் திரைச்சீலையில் இருக்கிறது. சுகாதார நிலையத்திலிருந்து அவளுடைய வெள்ளைக் கோட்டையும், காபிக் கோப்பையையும், உள்ளே போட்டுக்கொள்ளும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அவள் இருந்த இடத்துக்கு வேறொரு நர்ஸ் வந்தாயிற்று. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். அழுகை வரவில்லை. வராததைப் பார்த்து ஊரில் பேசிக்கொள்கிறார்கள், பேசட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பார்க்கும் வேலையைப் பற்றி நான்கு வருஷத்தில் நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். அது எது என்று கடைசியில் சொல்கிறேன். பெண் கேட்டு வந்த அன்று என் சித்தப்பா பெருமையாக, "பையன் சர்வே இன்ஜினியர், கண்ணிவெடி எடுக்கிற ஆபீஸ்ல படம் போடுறான்" என்றார். நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். எந்த ஊர் என்று கேட்டீர்கள். ட்ரெனோவா என்றதும், "எந்த ட்ரெனோவா?" என்றீர்கள். இந்த நாட்டில் அந்தப் பெயரில் எத்தனையோ ஊர் உண்டு, நியாயமான சந்தேகம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆற்றுக்கு இந்தக் கரையில் உள்ளது என்று சொன்னோம். நீங்கள் சூப் போதும் என்று தட்டைத் தள்ளி வைத்தீர்கள்.

நீங்கள் கேட்காத வேலையை இப்போது சொல்கிறேன். என் மேசையில் எப்போதும் மூன்று வகைப் படம் இருக்கும். ஒன்று, பழைய ராணுவம் அளந்து அச்சிட்ட நிலப்படம். ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் இருநூற்றைம்பது மீட்டர். பழுப்புக் கோடுகள் நெருக்கமாக ஓடினால் அங்கே செங்குத்து, விலகி ஓடினால் மேய்ச்சல் தரை. கோடுகளைப் பார்த்தே எந்தச் சரிவில் எப்போது வெயில் விழும் என்று என்னால் சொல்ல முடியும். அதில் மேலே என்றால் வடக்கு. யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவது, புலப்படம். அதில் மலையும் கிடையாது, பள்ளமும் கிடையாது. யாருடைய வேலி எதுவரை என்பது மட்டும்தான். பங்காளிச் சண்டைக்கென்றே போட்ட படம். மூன்றாவது, கண்ணி புதைத்த அணித் தலைவன் சண்டை நேரத்தில் கையால் வரைந்த தாள். மழையில் நனைந்தது, முழங்காலில் வைத்துக் கிறுக்கியது. ஆனால் உயிர் அதில்தான் இருக்கிறது. மற்ற இரண்டும் தவறினால் வழக்கு வரும். இது தவறினால் என்ன வரும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

மூன்றாவதை முதலாவதின் மேல் பொருத்தி வைத்து நான்காவதாக ஒரு படம் செய்வதுதான் என் வேலை. ஆபத்துள்ள இடம் சிவப்பு. மற்றதெல்லாம் வெள்ளை. ட்ரெனோவாவுக்குச் செய்த படத்தை நானே ஊர்க்கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். வெள்ளை என்றால் அங்கே கண்ணி இல்லை என்று பொருளில்லை, அங்கே இருப்பதாக எங்களிடம் காகிதம் இல்லை என்றுதான் பொருள். இதை எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். கடைக்கு மாவு வாங்க வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வதில்லை.

ட்ரெனோவாவின் தாள் ஐந்து வருஷத்துக்கு முன் என் மேசைக்கு வந்தது. பென்சில் வேலை. அடியில் ஒரு சின்னச் செவ்வகம், பக்கத்தில் "தொட்டி" என்று எழுதியிருந்தது. மாடு தண்ணீர் குடிக்கும் அந்தக் கல்தொட்டி இன்றும் இருக்கிறது. தொட்டியை ஒட்டி ஒரு மரம். உருண்டைத் தலை, தலைக்குள் மூன்று புள்ளி. தொட்டியிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு, "60 மீ" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு. அதைத் தாண்டி இரண்டு வரிசையில் சின்ன வட்டங்கள், மொத்தம் பதினேழு. தாளின் மூலையில் வடக்கு அம்பு போடுவதற்கென்று ஒரு வட்டம் அச்சிட்டிருக்கும். அது காலியாக இருந்தது. வரைந்தவர் என்ற இடத்தில் முழுப்பெயர் இல்லை. ஹ. ஷ. என்று இரண்டெழுத்து.

அந்தக் காலி வட்டத்துக்குள் அம்பு போட்டது நான்தான், மாமா. மேல்நோக்கிப் போட்டேன். மேலே என்றால் வடக்கு என்றுதான் எனக்கு நான்கு வருஷம் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். இதில் என் பங்கு அது. அதை உங்கள் தலையில் கட்டப் போவதில்லை.

தொட்டி இருப்பது பள்ளத்தில். அதற்கு வடக்கே ஏறுவது வெயில் பக்கம், புல்தரை. தெற்கே ஏறுவது நிழல் பக்கம், பீச் மரக்காடு. என் அம்புப்படி பதினேழு வட்டங்களும் வெயில் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. படத்தை மாட்டிய அன்று ஸுல்ஃபோ கடை வாசலில் எல்லார் முன்னாலும் சிரித்தார். "டேய், இருபது வருஷமா வெயில் பக்கத்துலதான்டா மேய்க்கிறேன். உன் படத்துல இருக்கறது என் பசுவுக்குத் தெரியாதே! தெரிஞ்சா பயத்துல பால் வத்திடும்" என்றார். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு, "நிழல் பக்கம்தான் எங்கம்மா போகவிடாது. சண்டை நேரத்துல தொட்டில தண்ணி குடிக்க வந்த சிப்பாய் ஒருத்தன், தொப்பிகூட இல்லையாம், 'அம்மா, நிழல்ல போகாதீங்க'ன்னு சொன்னானாம்" என்றார்.

சொன்னவன் பெயர் என்ன என்று கேட்டேன். தெரியாது என்றார். பெயரில்லாத வாய்வார்த்தையைப் படத்தில் ஏற்ற முடியாது, அது எங்கள் விதி. அவருக்கு நான் விதியை விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன்.

வெயில் பக்கத்தில் எங்கள் ஆட்கள் முப்பத்தெட்டு நாள் தேடினார்கள். கிடைத்தது ஒரு மாட்டு மணி, இரண்டு தகர டப்பா, ஒரு கரண்டி. எனக்கு உறுத்தியது. என் மேலதிகாரி வின்கோவிடம் சொன்னேன். "கிடைக்கலைன்னா சந்தோஷப்படுடா! ஊர்க்காரனுங்களே எப்பவோ தோண்டி எடுத்திருப்பானுங்க. கையெழுத்தைப் போட்டுட்டு வா, சாப்பிடப் போகலாம்" என்றார். போட்டேன். சாப்பிடப் போனோம். ட்ரெனோவா முழுக்க வெள்ளையாயிற்று.

ஏப்ரல் 14 காலை ஏழரைக்கு அல்மாசா ரொட்டி வாட்டிக்கொண்டே, காட்டுப் பூண்டுக்கீரை வந்திருக்கும், பறித்து வந்து மாவுக்குள் சுருட்டிப் பிட்டா சுடுகிறேன் என்றாள். அது மரத்தடி ஈரத்தில்தான் வரும், வெயிலில் வராது. "நிழல் பக்கம் வெள்ளைதானே?" என்று கேட்டாள். நான் லாப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெள்ளை" என்றேன். "இன்ஜினியர் சொன்னா சரிதான்" என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

அந்தத் தட்டு எந்த இடத்தில் விழுந்தது என்று எனக்கு இன்னும் தெரியும். நினைத்துக்கொள்ள முயன்றால் மட்டும் ஒன்றும் வருவதில்லை.

விபத்து அறிக்கை எழுத வந்தவர்களுக்கு இடத்தைக் குறிக்கும் கருவி சரியாக வேலை செய்யவில்லை. நான்தான் நாடா பிடித்து அளந்தேன். என்னை விலக்கப் பார்த்தார்கள், நான் விலகவில்லை. தொட்டியிலிருந்து அறுபத்தோரு மீட்டர். கிட்டத்தட்ட நேர்தெற்கு. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அறுபத்தொன்று என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, ஏன் என்று அப்போது புரியவில்லை.

இப்போது நிறுத்துகிறேன். ஸுல்ஃபோ வேலிக்கு அப்பால் நின்று கூப்பிடுகிறார். கையில் மூடி போட்ட பாத்திரம்.


மே 4

நேற்று நிறுத்திய இடத்திலிருந்து எழுதுகிறேன்.

ஸுல்ஃபோ வீட்டிலிருந்து பீன்ஸ் சூப் வந்தது. வைத்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்து, "கேக்கக் கூடாதுதான், இருந்தாலும் கேக்கறேன். மேட்டு வயல்ல புல்லு முழங்காலைத் தாண்டிடுச்சு. இன்னும் நாலு வாரத்துல அறுக்கணும். அறுக்கலாமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். எதுவரைக்கும் என்றார். தெரியவில்லை என்றேன். வயலில் வடக்குப் பாதியா, தெற்குப் பாதியா என்றார். அதுவும் தெரியவில்லை என்றேன். "நல்லா இருக்கு போ. முன்னாடி எல்லாம் தெரியும்னே, இப்ப ஒண்ணும் தெரியலங்கறே. ஆறு பசுவுக்கும் நான் என்னன்னு சொல்றது? இன்ஜினியர் யோசிக்கிறாரு, அதுவரைக்கும் காத்தைக் குடிங்கன்னா?" என்றார். சொன்ன பிறகு அவருக்கே முகம் சுருங்கிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் உன் பேச்சுல எனக்கு நம்பிக்கை வருது" என்றார்.

மேட்டு வயல் என்னிடம் உள்ள தாள்களில் ஒன்பதாவது. அதை வரைந்தவரும் ஹ. ஷ. தான்.

இனி உங்களைப் பற்றி.

அடக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் பாலத்தில் நின்று போன் செய்தார்கள். அதற்கு மேல் வண்டியில் வழிகாட்டி வேலை செய்யாது, பாதை மூன்றாகப் பிரிகிறது. நீங்கள் முதல்முறையாக இந்த ஊருக்கு வருகிறீர்கள். நான்கு வருஷமாக முழங்கால் வலி, லீவு இல்லை, வண்டி சரியில்லை என்று வராமலே இருந்தவர். போன் செய்யாமல் நேரே எங்கள் வாசலில் வந்து நின்றீர்கள்.

வந்தவர்கள் எல்லாரும் எங்கே நடந்தது என்று கேட்டார்கள். குழந்தைகள்கூடக் கேட்டன. நீங்கள் மட்டும் கேட்கவில்லை. வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் நிழல் பக்கம் முழுசாகத் தெரியும். நீங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள்.

மண் தள்ள உங்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் நேராகக் குத்தி அள்ளினார்கள். நீங்கள் அலகைச் சாய்த்து, முனையால் மெதுவாகத் தொட்டு, கொஞ்சம் பொறுத்து, பிறகு அழுத்தினீர்கள். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும், மாமா. முப்பது டிகிரி. எங்கள் ஆட்களுக்கு முதல் வாரமே அதைத்தான் பழக்குவார்கள். போர் முழுவதும் தூஸ்லா பக்கத்தில் சமையல் பிரிவில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன் என்று நீங்கள் சொல்வீர்கள். எங்க பாபோ ஒரு குண்டுகூடச் சுடவில்லை என்று அல்மாசா உங்களைப் பற்றி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள். உருளைக்கிழங்கு உரிப்பவர்கள் மண்ணை அப்படித் தொடுவதில்லை.

இவ்வளவையும் பார்த்தும் அன்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. துக்கத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி இருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் அவளுடைய அலமாரி இழுப்பறையில் மின்கட்டண ரசீது தேடினேன். லின்ஸ் தாள் கிடைத்தது. ஞாபகம் இருக்கிறதா? போன டிசம்பருக்கு முந்தின டிசம்பரில் நாங்கள் வந்தபோது உங்களுக்கு மாலை ஷிஃப்ட், ஸ்டேஷனுக்கு வர முடியாது. போனில் காட்டுவது சுற்று வழி, என் வழியில் வாருங்கள் என்று சொல்லி, கையால் வரைந்து தபாலில் அனுப்பியிருந்தீர்கள். ஸ்டேஷன் அடியில். அங்கிருந்து மேல்நோக்கி ஒரு கோடு, "400 மீ", இரண்டு அடிக்கோடு. டிராம் நிறுத்தத்தில் ஒரு மரம். உருண்டைத் தலை. தலைக்குள் மூன்று புள்ளி.

அந்தத் தாளையும் நான் வடக்கு மேலே என்று எடுத்துக்கொண்டு, பெட்டியை இழுத்தபடி அவளை இருபது நிமிடம் சரக்குக் கிடங்குகளுக்கு நடுவில் நடத்திக் கூட்டிப்போனேன். பனி கொட்டியது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தாளை என் கையிலிருந்து பிடுங்கித் தலைகீழாகத் திருப்பி, "இன்ஜினியரே, எங்க பாபோ படத்துல வடக்கு தெற்கெல்லாம் கிடையாது. அவரு எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறாரோ அதுதான் மேல!" என்றாள். ஸ்டேஷன் வாசல் தெற்கே பார்த்தது.

பத்தாம் நாள் இரண்டு தாளையும் சமையல் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மரத்தைப் பார்த்தேன். புள்ளிகளை எண்ணினேன். பிறகு கணினியில் ட்ரெனோவா தாளை நூற்றெண்பது டிகிரி திருப்பினேன். அதற்கு நான்கு விநாடி ஆயிற்று. பதினேழு வட்டங்களும் தொட்டியைத் தாண்டி நிழல் பக்கம் போய் உட்கார்ந்தன. முதல் வரிசை அறுபது மீட்டர். நான் நாடா பிடித்தது அறுபத்தொன்று. நீங்கள் நன்றாக அளந்திருக்கிறீர்கள்.

ஏன் அம்பு போடவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கே புரிகிறது. அன்றைக்கு எதிரி எந்தப் பக்கம் என்பதுதான் எல்லாருக்கும் முக்கியம், அவன் இருந்தது தெற்கே. அந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள், பார்த்தபடி வரைந்தீர்கள். சண்டையில் அது குற்றமில்லை. நீங்கள் போடாததும் நான் போட்டதும் சேர்ந்துதான் இது நடந்தது என்று நான்கைந்து நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிப் பாதி. ஒரு மாதிரி நிம்மதிகூட இருந்தது.

அப்புறம்தான் அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது.

லின்ஸில் அன்று ராத்திரி, நீங்கள் ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகு, சாப்பாட்டில் அல்மாசா நாங்கள் வழி தவறிய கதையை நடித்தே காட்டினாள். நான் பெட்டி இழுத்ததையும், கிடங்குக் காவலாளி முழித்ததையும். அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்துக்கொண்டு, "நான் என்ன பண்றது அத்தை, எங்க ஆபீஸ்ல கையால வரைஞ்ச தாள் எது வந்தாலும், அம்பு இல்லைன்னா மேல வடக்குன்னுதான் எடுத்துக்குவோம்" என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. "எல்லாத் தாளையுமா?" என்று கேட்டீர்கள். "எல்லாத் தாளையும்தான் மாமா" என்றேன்.

நீங்கள் எழுந்து பால்கனிக்குப் போனீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு சிகரெட் பிடித்தீர்கள். உள்ளே வந்து எனக்கு இன்னும் கொஞ்சம் இறைச்சி வைத்தீர்கள்.

அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் ட்ரெனோவாவில் குடியிருக்கிறோம் என்றும் தெரியும். அதற்குப் பிறகு பதினாறு மாதம். ஒவ்வொரு ஞாயிறும் அவளோடு போனில் பேசினீர்கள். ஒரு ஞாயிறு அவளே கேட்டாள், நான் பக்கத்தில் இருந்தேன்: "பாபோ, நீங்க எங்க ஊர்ப் பக்கம் வந்ததே இல்லையா?" நீங்கள், "நான் எங்கடி வந்தேன், உருளைக்கிழங்கை விட்டா எனக்கு என்ன தெரியும்" என்றீர்கள். அவள் சிரித்தாள்.

தொட்டியில் தண்ணீர் குடிக்க வந்த அந்தத் தொப்பியில்லாத சிப்பாய் நீங்களாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அப்படியென்றால் ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணிடம், "நிழல்ல போகாதீங்க" என்று உங்களால் சொல்ல முடிந்திருக்கிறது.

மகளிடம் முடியவில்லை.

போதும். இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

ஹ. ஷ. என்று கையெழுத்திட்ட தாள் மொத்தம் பன்னிரண்டு. ஒன்றிலும் அம்பு இல்லை. எல்லாவற்றிலும் அம்பை நான் போட்டிருக்கிறேன். நான்கு இடங்களைத் தேடி முடித்து, ஒன்றும் இல்லை என்று ஊர்க்காரர்களிடம் ஒப்படைத்தும் விட்டோம். எல்லாத் தாளையும் தலைகீழாகத் திருப்பிவிட்டால் போதாதா என்று வின்கோ கேட்டார். போதாது. போர்முனை ஆற்றோடு வளைந்து வளைந்து போனது. ஓரிடத்தில் எதிரி தெற்கே, ஓரிடத்தில் கிழக்கே, ஓரிடத்தில் முதுகுக்குப் பின்னால். எங்கே எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள் என்று நிலப்படத்தைக் கேட்டால் தெரியாது. நின்றவருக்குத்தான் தெரியும். உங்கள் அணியில் உயிரோடிருப்பவர் யாரும் கிடைக்கவில்லை, விசாரித்துவிட்டேன்.

பதினோரு இடத்தையும் சுற்றிலும் சிவப்பாக்கு என்று வின்கோவிடம் சண்டை போட்டேன். "என்னன்னுடா எழுதறது? என் ஆளு அம்பைத் தப்பாப் போட்டான்னா? வரைஞ்சவன் யாருன்னே தெரியாத தாளுக்கு, உன் வீட்டு இழுப்பறையில இருந்த ஒரு மரத்தைச் சாட்சியாக் காட்டச் சொல்றியா? வரைஞ்ச ஆளோட கையெழுத்தைக் கொண்டா, நாளைக்கே நிறுத்தறேன்" என்றார். வரைந்தவர் யார் என்று எனக்குத் தெரியும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. எதற்காகச் சொல்லாமல் இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவளுடைய அப்பா என்பதாலாக இருக்கலாம்.

மேட்டு வயலைச் சுற்றி நானே எச்சரிக்கை நாடா கட்டிவிட்டேன். அக்கரை ஊர்களுக்கும் போனேன். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. ஒருத்தர், "உங்க படமே சுத்தம்னு சொல்லுதே" என்று என் கையெழுத்தைக் காட்டி என்னையே திருப்பி அனுப்பினார்.

உறையில் பதினோரு பிரதிகள் வைத்திருக்கிறேன். நான் போட்ட அம்பை அழித்துவிட்டேன். மூலையில் வட்டம் காலியாக இருக்கிறது, நீங்கள் விட்டபடியே. ஒவ்வொரு தாளோடும் அந்த இடத்தின் நிலப்படத்தையும் குத்தியிருக்கிறேன். ஆறு, பாதை, மலைமுகடு எல்லாம் தெரியும். பார்த்தால் எங்கே நின்றோம் என்று ஞாபகம் வரும். ஒரு சிவப்புப் பென்சிலும் இருக்கிறது. வட்டத்துக்குள் அம்பு போடுங்கள். ஞாபகம் இல்லாத இடத்தில் ஞாபகம் இல்லை என்று எழுதுங்கள், ஊகித்துப் போடாதீர்கள். ஊகித்துப் போடுவது எப்படி முடியும் என்று நான் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றின் அடியிலும் முழுப்பெயர் எழுதுங்கள். ஹசிப் ஷபோ. இரண்டெழுத்து வேண்டாம்.

பன்னிரண்டாவது தாளை வைக்கவில்லை. அதற்கு அல்மாசா அம்பு போட்டுவிட்டாள்.

அத்தைக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். உங்கள் பெயர் எழுதிய தாள் அலுவலகத்துக்குப் போனால் ஒருநாள் அவர் காதுக்கும் போகும், அதை என்னால் தடுக்க முடியாது. அதற்கு முன் நீங்களே சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. நேரில் வருவதானால் வாருங்கள். பாலத்திலிருந்து வழி உங்களுக்குத் தெரியும். ஒரு படுக்கை காலியாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாமா. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்குக் கண்ணும் கையும் ஞாபகமும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் தொழுகிறேன். தொழுது எத்தனையோ வருஷமாயிற்று, இதற்காகத்தான் மறுபடி ஆரம்பித்தேன். பதினோரு தாளும் முடிகிறவரைக்குமாவது ஆண்டவன் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும். அதற்குப் பிறகு என்ன கேட்பது என்று இன்னும் யோசிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் கணவன்
யாசென்கோ

இதைப் படித்ததும் என்னைக் கூப்பிடத் தோன்றும். வேண்டாம். கூப்பிட்டால் நீங்கள் அழுவீர்கள், நான் உங்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டிவரும், ஸுல்ஃபோ புல் அறுக்கும் நாள் வந்துவிடும். எனக்கு அம்பு மட்டும் போதும், அது தபாலில் வரும். போனை அணைத்துவிட்டேன்.